எந்தச் சு?

"சு-ன்னா எந்தச் சு?"

குளிர்பெட்டியின் கதவைத் திறந்து பிடித்தபடி நிதானம் கேட்டார். கதவை மூடு என்று பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இதென்ன கேள்வி? சு-ன்னா சுழல்," என்றாள் பம்பரம்.

"அப்படியா? நான் சு-ன்னா சும்மான்னு நினைச்சு எழுதினேன்."

பம்பரத்தின் கை பாதி போட்ட கையுறையோடு அப்படியே நின்றது. அவள் நின்றதை அந்த ஆய்வகத்தில் யாரும் அதிகம் பார்த்ததில்லை. பம்பரம் என்பது ஆய்வகம் அவளுக்கு வைத்த பேர். சுழல் இயந்திரம் அவள் பொறுப்பு என்பதால் பாதிப் பேர் வந்தது; ஓர் இடத்தில் கால் தரிக்க மாட்டாள் என்பதால் மீதி வந்தது. நிதானம் அங்கே பதினைந்து வருடமாகத் தொழில்நுட்ப உதவியாளர். தீ எச்சரிக்கை மணி அடித்தாலும் பேனா மூடியைத் தேடிப் பொருத்திவிட்டுத்தான் வெளியே வருவார்.

"அண்ணே, எல்லாத்துலயும் சு-ன்னா எழுதினீங்க?"

"சு ஒண்ணு, சு ரெண்டு, சு மூணு. நீ?"

"நானும் அதேதான்."

"அடடா," என்றார் நிதானம். பிறகுதான் கதவை மூடினார்.

இதில் கேவலம் என்னவென்றால், இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் அவர்கள் தமிழில் எழுதவே ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் குப்பி மூடியில் 'எஸ்' என்று எழுதுவார்கள். சுற்றுகிற ஸ்பின்னுக்கும் எஸ், அசையாமல் கிடக்கிற ஸ்டாட்டிக்குக்கும் எஸ். ஒருமுறை அது வம்பாகி, ஒரு வார வேலை சாக்கடைக்குப் போனது. அன்றைக்கு நாற்காலிமேல் ஏறாத குறையாகப் பம்பரம் அறிவித்தாள்: இனிமேல் தமிழ்தான், ஒரு எழுத்து, குழப்பமே வராது. வந்துவிட்டது. ஒரு குழியிலிருந்து ஏறி, கையைத் தட்டிவிட்டு, பக்கத்துக் குழியில் கம்பீரமாக இறங்கியிருந்தார்கள்.

குழி எவ்வளவு ஆழம் என்று தெரிய, அவள் செய்துகொண்டிருந்த காரியம் தெரிய வேண்டும். நம் ரத்தத்தில் காவல் காக்கும் வெள்ளைச் செல்கள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது அவை பாதித் தூக்கத்தில் இருக்கும். கிருமி வந்தால் யாராவது தொட்டு எழுப்ப வேண்டும். எழுந்துவிட்டால் அப்புறம் அவை பண்ணுகிற ரகளை தனி. விண்வெளி மாதிரி கனமே இல்லாமல் மிதக்கும் இடத்துக்குப் போனால் இந்தச் செல்கள் சரியாக எழுவதில்லை. ஏன்? அதுதான் பம்பரத்தின் இரண்டு வருடக் கேள்வி.

மிதப்பதைத் தரையிலேயே நடித்துக்காட்ட ஒரு தந்திரம் உண்டு. உள்ளங்கை அகலத்தில் தட்டையான வட்டப் பாத்திரம். அதில் செல்களை ஒரு சொட்டுக் காற்றுகூட இல்லாமல் திரவத்தோடு நிரப்பி, சக்கரம் மாதிரி நிமிர்த்தி, மெல்லச் சுற்ற வேண்டும். உள்ளே இருக்கும் செல் கீழே விழப் பார்க்கும். விழுந்து சேருவதற்குள் கீழ்ப்பக்கம் மேலே போயிருக்கும். பாவம், விழுந்துகொண்டே இருக்கும், தரை மட்டும் வராது. கூடவே செல்லைவிடச் சின்ன மணிகளைப் போட்டுவிடுவாள். மணியின் மேலெல்லாம் 'எழுந்திரு' என்று சொல்லும் புரதம். மணி பட்டு விழித்த செல் தன் மேல்தோலில் ஒரு கொடி ஏற்றும். நூறு செல்லில் எத்தனை கொடி என்று லேசர் இயந்திரம் எண்ணிச் சொல்லிவிடும்.

மூன்று பாத்திரம் சுழன்றது. மூன்று பாத்திரம் அதே சூட்டில் சும்மா படுத்திருந்தது. நேற்று ஆறையும் ஒரே நிமிடத்தில் நிறுத்த வேண்டியிருந்ததால், சுழன்ற மூன்றையும் அவள் குப்பிக்கு மாற்றினாள், சும்மா கிடந்த மூன்றை அவர் மாற்றினார். முதுகோடு முதுகாக நின்று ஆளுக்கு மூன்று மூடியில் எழுதினார்கள். தனித்தனித் தட்டில்தான் வைத்தார்கள். இன்று காலை பக்கத்துக் குழுக்காரர்கள் தங்கள் டப்பாவுக்கு இடம் பண்ண, ஆறையும் ஒரே தட்டில் கொட்டிவைத்துப் போயிருந்தார்கள். நல்ல மனசுதான். மேலே ஒரு நன்றிச் சீட்டுகூட ஒட்டியிருந்தது.

மணி பத்து. சாயங்காலம் நாலு மணிக்கு இயக்குநர் மேடம் முடிவு சொல்லப்போகிறார். அடுத்த விண்கலத்தில் இந்த நிறுவனத்துக்கு ஒரு செருப்புப் பெட்டி அளவு இடம் கிடைத்திருக்கிறது. பம்பரமா, மூன்றாம் மாடியில் விதை முளைக்கவைக்கும் குழுவா? பெட்டி ஒன்றுதான். இந்த ஆறு குப்பிதான் பம்பரத்தின் வாதம். மறுபடி செய்ய ஒரு வாரம் ஆகும்.

"இதுக்குப் போயி முகத்தத் தொங்கப் போடுறியே," என்றார் நிதானம். "எண்ணிப் பாப்போம். எதுல கொடி குறைச்சலோ அதுதான் சுழல். எழுதிடுவோம், முடிஞ்சது."

"அண்ணே! அதத்தான நான் நிரூபிக்கணும்? பந்தயம் முடிஞ்சப்புறம் போயி, ஜெயிச்ச குதிரை என்னுதுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"நம்ம குதிரைதானம்மா."

"நம்ம குதிரைன்னு நமக்கே தெரியலையே! ஒருவேளை சுத்தினதுதான் அதிகமா முழிச்சிருந்தா?"

நிதானம் யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் இரண்டு முறை நடந்து திரும்பினாள்.

"சரி, கையெழுத்தப் பாப்போம். என் எழுத்து எனக்குத் தெரியாதா?"

பார்த்தார்கள். கட்டைவிரல் நகம் அளவு மூடி, தடித்த முனைப் பேனா, கையுறை போட்ட கை, அவசரம். நிதானம் மூன்றைத் தொட்டு "இது என்னுது" என்றார். பம்பரம் மூன்றைத் தொட்டு "இது என்னுது" என்றாள். அதில் இரண்டு குப்பியை இருவருமே தொட்டிருந்தார்கள்.

"சத்தியமா இது என் சு," என்றார் அவர்.

"சத்தியமா என்னுது. நானும் நீங்களும் இதுல வாயே திறக்கக் கூடாது அண்ணே. நமக்கு என்ன வரணும்னு ஆசை இருக்கு. ஆசை இருக்கற கண்ணு பாக்கறதெல்லாம் பொய்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று சிரித்தாள். பயம் போய்விட்டது. அவளுக்குப் பயம் எப்போதும் கால்மணி நேரத்துக்குமேல் தங்காது. "எங்க அக்கா!"

"ரத்தம் குடுத்தாங்களே, அவங்களா?"

"அவளேதான். அவ வேலை என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

அக்காவுக்கு வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கிற வேலை. படிவத்தில் இருக்கும் கையெழுத்தும், கணக்கு தொடங்கும்போது போட்ட மாதிரிக் கையெழுத்தும் ஒரே ஆளுடையதா என்று நாள் முழுக்கப் பார்ப்பாள். அந்த ஆறு பாத்திரத்திலும் இருந்த செல் அவள் ரத்தத்திலிருந்து எடுத்தது. அதைத் தவிர இந்தச் சோதனையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

"சொல்லுடி, சீக்கிரம்," என்றாள் அக்கா போனில். "என் ரத்தம் இன்னும் உயிரோட இருக்கா, இல்ல சுத்தவிட்டே கொன்னுட்டியா?"

"நல்லா இருக்கு. உன்ன மாதிரியே, எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேங்குது. அக்கா, ஒரு உதவி. ஆறு மூடி படம் அனுப்பறேன். எந்த மூணு நான் எழுதினேன்னு சொல்லணும்."

"உன் எழுத்து உனக்கே தெரியலையா? இதுக்குத்தான் உன்ன அத்தனை வருஷம் படிக்க வச்சாங்களா?"

"அக்கா, ப்ளீஸ்."

"படம் மட்டும் பத்தாது. மாதிரி வேணும். நீ பத்து, அவர் பத்து. அதே பேனா, அதே மூடி, அதே கையுறை, நின்னுகிட்டே எழுதணும். அழகா எழுதிக் குடுக்காத, அது ஒண்ணுக்கும் உதவாது. பின்னால யாரோ துரத்தற மாதிரி எழுது."

"பதில எழுதி அனுப்பாத. வாய்ஸ் மெசேஜா அனுப்பு. நான் நாலு மணிக்குத்தான் கேப்பேன்."

"ஏன்?"

"முன்னாடியே கேட்டா ஏமாத்திடுவேன்."

"பரவாயில்லையே," என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டாள்.

இருவரும் இருபது காலி மூடியில் சு எழுதினார்கள். நிதானத்தைத் துரத்தப்படுகிற மாதிரி எழுதவைப்பதற்குள் பம்பரத்துக்கு மூச்சு வாங்கியது. "யாரு துரத்தறா?" என்று அவர் நடுவில் கேட்டார். பிறகு ஆறு குப்பியின் பக்கத்திலும் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டினார்கள். சு ஒன்று என்று இருந்த இரண்டுக்கும் சிவப்பு, நீலம். சு இரண்டுக்கு மஞ்சள், வெள்ளை. சு மூன்றுக்குப் பச்சை, கறுப்பு. படம் பறந்தது. போனை நிதானம் வாங்கித் தன் மேலங்கிப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். அந்த ஆய்வகத்தில் அதைவிடப் பாதுகாப்பான பெட்டகம் கிடையாது.

குப்பிகள் ஒவ்வொன்றாக லேசர் இயந்திரத்துக்குள் போயின. திரையில் புள்ளிகள் பொரிந்து விழுந்தன. நூற்றுக்கு எத்தனை கொடி? சிவப்பு எழுபத்தொன்று. நீலம் இருபத்து நாலு. கறுப்பு எழுபத்து மூன்று. பச்சை இருபத்திரண்டு.

"வந்துருச்சு!" பம்பரம் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜோடிக்கு ஒன்று உயரம், ஒன்று பள்ளம். இனி மஞ்சளும் வெள்ளையும்தான் பாக்கி.

மஞ்சள் அறுபத்தொன்பது. வெள்ளை அறுபத்தாறு.

நாற்காலி நின்றுவிட்டது.

"ரெண்டும் உயரம்," என்றார் நிதானம். "அப்போ சுத்தின ரெண்டாம் பாத்திரமும் நல்லா முழிச்சிருக்கு. எதுன்னு வேணா தெரியாம இருக்கலாம், ரெண்டுல ஒண்ணு நம்முதுதானே." சற்றுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஜோடிய காட்டாம விட்டா என்ன? குப்பி உடைஞ்சுதுன்னு சொல்லிடலாம்."

"பதினைஞ்சு வருஷத்துல நீங்க ஒரு குப்பி உடைச்சிருக்கீங்களா? யாரு நம்புவா?"

அதுவும் சரிதான் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

பம்பரம் குறிப்பேட்டைப் புரட்டினாள். அவள் எழுத்து ஓடுகிற எழுத்து, ஆனால் எதையும் விடாது. இரண்டாம் நாள் காலை, சுழல், இரண்டாம் பாத்திரம்: 'கடுகளவு காற்றுக் குமிழி. எப்ப நுழைஞ்சுதுன்னு தெரியல. ஊசியால வெளிய எடுத்தாச்சு.' அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது அவள் முகம் மாறியது. தொலைத்த சாவி தன் கையிலேயே இருப்பதைப் பார்த்தவள் மாதிரி ஆனாள்.

"அண்ணே, குமிழி என்ன பண்ணும்?"

"இடைஞ்சல் பண்ணும்."

"உள்ள உருண்டு உருண்டு கலக்கும்! கலக்கினா?"

நிதானம் யோசிக்க ஆரம்பித்தார். அவள் காத்திருக்கவில்லை. திரையில் இருந்த படங்களை அச்செடுக்க ஓடிவிட்டாள்.

நாலு மணி. இயக்குநர் மேடத்தின் அறையில் நீள மேசை, எட்டு நாற்காலி, ஓடாத ஒரு கடிகாரம். விதைக் குழுக்காரர்கள் முன்பே பேசி முடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் படங்கள் அத்தனையும் பளிச்சென்று இருந்தன. ஒரு பிசிறு கிடையாது.

பம்பரம் உட்காரவில்லை. "மேடம், மொதல்ல என் தப்ப சொல்லிடறேன்," என்று ஆரம்பித்து சு கதை முழுவதையும் சொன்னாள். விதைக் குழுவில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"அப்போ எது சுழல்னு உனக்குத் தெரியாது?"

"தெரியாது மேடம். இந்த நிமிஷம்வரைக்கும் தெரியாது. நீலமும் பச்சையும் என் கையெழுத்தா இருந்தா நான் சொன்னது சரி. சிவப்பும் கறுப்பும் என்னுதா இருந்தா, ரெண்டு வருஷமா நான் சொன்னது தலைகீழ். வேற எப்படி வந்தாலும் என் கணக்கே குப்பை. உங்க முன்னாலதான் கேக்கப் போறேன்."

"உன் அக்காவுக்கு எது குறைஞ்சதுன்னு தெரியுமா?"

"அவளுக்குப் படம் மட்டும்தான் தெரியும். ரத்தம் எடுத்த அன்னிக்கே, இதப் பத்தி இனிமே என்கிட்ட பேசாதன்னு சொல்லிட்டா."

மேடம் கையசைத்தார். நிதானம் பொத்தானைத் திறந்து, போனை எடுத்து, மேசை நடுவில் வைத்து, கண்ணாடியைச் சரிசெய்து, விரலைத் துடைத்து, ஒருவழியாகத் தொட்டார்.

"ஏய் எருமை," என்றது அக்காவின் குரல், அறை முழுக்க. "காது குடுத்துக் கேளு. எனக்குச் சாப்பாட்டு நேரம் பத்து நிமிஷம்தான் பாக்கி இருக்கு. ஆறு மூடில ரெண்டு கை இருக்கு, சந்தேகமே இல்ல. ஒரு ஆளு ச எழுதி, பேனாவ எடுக்காம, அப்படியே ஒரே இழுப்பா கீழக் கோட்ட இறக்கறாங்க. இன்னொரு ஆளு ச-வ எழுதிட்டுப் பேனாவ எடுத்துட்டாங்க. அப்புறம் ஞாபகம் வந்து, மறுபடி வச்சுக் கோட்ட இழுத்திருக்காங்க. பேனா வச்ச இடத்துல மை ஒரு பொட்டா நிக்குது. மொதல்ல நான் என்ன நினைச்சேன், ஒரே இழுப்பு நீதான்னு நினைச்சேன். உன் அவசரம் உலகத்துக்கே தெரியும். மாதிரியப் பாத்தா அப்படியே மாத்தி இருக்கு. ஒரே இழுப்பு அவரு. பத்துக்குப் பத்து. பேனாவ எடுக்கறவ நீ. ஒரு எழுத்த ஒழுங்கா எழுதி முடிக்க முடியுதா உன்னால? பாதில வேற எங்கயாவது வேடிக்கை பாக்கணும்! சின்ன வயசுல இருந்தே இதே கதை, குளிக்கப் போனவ ஒரு காலுல மட்டும் சோப்பு போட்டுட்டு..."

"அக்கா!" என்றாள் பம்பரம் போனைப் பார்த்து.

"...சரி விடு. அந்த மைப் பொட்டு இருக்கற மூணு: நீலம், வெள்ளை, பச்சை. அதுதான் உன் கை. வங்கில கேட்டா கையெழுத்துப் போட்டே குடுப்பேன். வைக்கறேன்."

நீலம், பச்சை. பம்பரத்தின் உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை ஏதோ ஜிவ்வென்று ஏறியது. நிதானம் மெல்லத் தலையாட்டினார். அவர் வாழ்க்கையில் யாரும் அவரை வேகமான கை என்று சொன்னதில்லை.

"நீலமும் பச்சையும் சரி," என்றார் மேடம். "வெள்ளை? அதுவும் சுத்தினதுதான். அறுபத்தாறு கொடி. அத என்ன பண்ணுவ?"

"அதுக்காகத்தான் மேடம் எனக்குப் பெட்டி வேணும்." பம்பரம் குறிப்பேட்டை மேசையில் திறந்து வைத்தாள். "வெள்ளைக்குள்ள குமிழி இருந்தது. எழுதி வச்சிருக்கேன், பாருங்க. குமிழி கலக்கிவிட்டிருக்கும். கலக்கினதும் செல்லும் மணியும் முட்டிகிட்டிருக்கும். முட்டினதும் முழிச்சிருச்சு. இத்தனை நாளா நான் என்ன சொன்னேன்? மிதந்தா செல்லு மந்தமாயிடுதுன்னு சொன்னேன். ஒருவேளை மந்தமே இல்லையோ? சும்மா கிடந்த பாத்திரத்துல செல்லும் மணியும் அடியில போயி ஒண்ணா உக்காந்துக்குது. சுழல்ல அதது அதது பாட்டுக்கு மிதக்குது. சந்திக்கவே இல்லையோ? எழுப்ப ஆளே வரலன்னா யாருதான் எழுந்திருப்பா?"

"ஒரு பாத்திரத்த வச்சு இவ்வளவு பேசறியா?"

"ஒரு பாத்திரத்த வச்சு முடிவு சொல்லல மேடம். கேள்விதான் கேக்கறேன்."

"சரி. எப்படிக் கண்டுபிடிப்ப?"

"மணி இல்லாம எழுப்பணும். ஒரு மருந்து இருக்கு, அது செல்லோட தோல தாண்டி நேரா உள்ள போயி எழுப்பிடும். கரைஞ்சுபோன சர்க்கரை மாதிரி எங்க பாத்தாலும் இருக்கும், யாரையும் சந்திக்கத் தேவையில்ல. சுழல்ல அத ஊத்திப் பாக்கணும். முழிச்சா, குறை சந்திப்புலதான். அப்பவும் முழிக்கலன்னா, குறை செல்லுக்குள்ளயே இருக்கு. ரெண்டுல எதுவா இருந்தாலும், கடைசி பதில் மேல போனாத்தான் தெரியும். இங்க நாம நடிக்கத்தான முடியும்."

மேடம் குறிப்பேட்டில் குமிழி வரியை விரலால் தொட்டார். விதைக் குழுவின் பளிச்சென்ற படங்களையும் ஒருமுறை பார்த்தார். "குப்பி உடைஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்," என்றார்.

"நம்பியிருக்க மாட்டீங்க மேடம்," என்றார் நிதானம். "நான் உடைக்க மாட்டேன்."

அப்போதுதான் மேடம் சிரித்தார். "பெட்டி உனக்கு. ஆனா அடுத்த வாரம் அந்த மருந்த இங்க சுத்திக் காட்டிட்டுத்தான் பெட்டியக் கட்டணும். இன்னொண்ணு, இனிமே சு கூடவே கூடாது."

வராந்தாவுக்கு வந்ததும் பம்பரம் ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி, எதிரே வந்த தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டாள்.

"வேற எழுத்து நான் யோசிச்சுட்டேன்," என்றார் நிதானம். "சுத்தினதுக்கு மிதவை. சும்மா கிடந்ததுக்கு மிதக்காதது."

"ரெண்டும் மி, அண்ணே!"

"ஆமால்ல."

கடைசியில் முழுப் பேரையும் எழுதுவது என்று தீர்மானமானது. மூடி பெரிதாக வாங்கிக்கொள்ளலாம். சாயங்காலமே மூவரும் பந்தயமும் கட்டிவிட்டார்கள். செல் உள்ளுக்குள்ளேயே சோம்பிவிட்டது, மருந்து ஊற்றினாலும் எழாது என்கிறார் நிதானம். "அது என் ரத்தம்டி, எழுப்பற விதமா எழுப்பினா எழுந்திருக்கும், யாரும் கிட்ட வரலன்னா அது என்ன பண்ணும்?" என்கிறாள் அக்கா. பம்பரம் காலையில் ஒரு பக்கம், மத்தியானம் இன்னொரு பக்கம். பாத்திரங்கள் நிரம்பிவிட்டன, குமிழி ஒன்றுகூட இல்லை, சக்கரங்கள் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கின்றன, கொடி எண்ண இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் நீங்கள் சொல்லுங்கள்: விழுந்துகொண்டே இருக்கிற அந்தச் செல், யாரையும் சந்திக்காமலே விழித்துக்கொள்ளுமா, விழிக்காதா? உங்கள் பந்தயம் எந்தப் பக்கம்?